எழுப்புவதில் எத்தனை விதம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மொழிப் பக்கத்தில், ஆங்கில 'அவேக்கன்' என்ற வினைக்கு மெம்பாங்குன்கான், மெம்பாங்கிட்கான், மென்யாடார்கான் என மூன்று இந்தோனேசியச் சொற்களைக் காற்புள்ளி போட்டு வரிசையாகக் கொடுத்திருந்தீர்கள். மூன்றும் சரிதான். ஆனால் ஒன்று வரவேண்டிய இடத்தில் இன்னொன்றைப் போட்டால் இங்கே சிரித்துவிடுவார்கள்.

தூங்குகிறவரை எழுப்ப மெம்பாங்குன்கான்தான். ரமலான் மாதத்தில் விடிவதற்கு வெகு முன்பே பையன்கள் கெந்தொங்கான் என்னும் மூங்கில் தட்டுக் கருவியைத் தட்டிக்கொண்டு, "சாஹுர், சாஹுர்" என்று தெருத்தெருவாகக் கூவிப் போவார்கள். சாஹுர் என்பது நோன்பு தொடங்குமுன் விடியற்காலையில் சாப்பிடும் உணவு. நோன்பு வைக்காத எங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சத்தம்! அதற்குப் பெயரே 'மெம்பாங்குன்கான் சாஹுர்'. இதன் வேர் பாங்குன். அதற்குக் கட்டுவது என்றும் பொருள் உண்டு. பாங்குனான் என்றால் கட்டடம். பெம்பாங்குனான் என்றால் நாட்டு வளர்ச்சி. அதிபர் சுகார்த்தோவுக்கு 1983-இல் கொடுத்த பட்டம் 'பாப்பாக் பெம்பாங்குனான்', அதாவது வளர்ச்சியின் தந்தை. நமக்கு இது புதிதில்லை. ஆளையும் எழுப்புகிறோம், சுவரையும் எழுப்புகிறோம். இதை ஒரு வரி சொல்லியிருந்தால் வாசகர் அந்தச் சொல்லை மறக்கவே மாட்டார்.

பாங்கிட் வேறு ரகம். ஆர்வம், ஊக்கம், கோபம் என்று உள்ளே அடங்கிக் கிடப்பதைக் கிளப்புவதற்கு மெம்பாங்கிட்கான். பள்ளிக்குப் போகிற பிள்ளையைக் காலையில் இந்தச் சொல்லால் எழுப்பினால், செத்துக் கிடந்தவனை எழுப்பியதுபோல் கேட்கும். இயேசுவின் உயிர்த்தெழுதலுக்கு இங்குள்ள கிறிஸ்தவர்கள் சொல்வது 'கெபாங்கிட்டான்'. அதே சொல்தான் மே 20, தேசிய எழுச்சி நாளின் பெயரிலும் இருக்கிறது. 1908-இல் அந்த நாளில்தான் பத்தாவியாவின் (இன்றைய ஜகார்த்தா) ஸ்தோவியா மருத்துவப் பள்ளி மாணவர்கள் பூடி உத்தோமோ அமைப்பைத் தொடங்கினார்கள். அந்தக் கட்டடம் இப்போது தேசிய எழுச்சி அருங்காட்சியகம். அப்புறம், மின் நிலையத்துக்கும் 'பெம்பாங்கிட் லிஸ்த்ரிக்' என்றுதான் பெயர்.

மென்யாடார்கான் என்பது பெரும்பாலும் தூக்கம் சம்பந்தப்பட்டதே அல்ல; ஒருவருக்குத் தன் தவற்றை உணர்த்துவது, புரியவைப்பது.

நீங்கள் விட்டுவிட்ட நல்ல சொல் ஒன்று உண்டு: மெங்குகா. ஜாவா மொழியில் தூங்குகிறவரை எழுப்புவதற்கான சொல்லிலிருந்து வந்தது. இந்தோனேசிய மொழியில் ஆளை விட்டுவிட்டு மனத்தைப் பிடித்துக்கொண்டது. சாப்பாட்டு விளம்பரங்களில் 'மெங்குகா செலேரா' என்று அடிக்கடி பார்க்கலாம். பசியைத் தூண்டும், நாவில் எச்சில் ஊறவைக்கும் என்று பொருள்.

அடுத்த பகுதியிலிருந்து சொல்லுக்கு ஒரு வாக்கியமாவது சேருங்கள். இடம் போதாவிட்டால் சொற்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஜகார்த்தா