சரசு, உன் பேச்சைக் கேட்ட பிறகு

காங்கேயம்

அன்புள்ள சரசு,

நலம். நீ நலமாக இருப்பதை நானே மேடையில் பார்த்துவிட்டேன். மூட்டுவலி, உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்று போனில் புலம்பியவள், மைக் கையில் வந்ததும் நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே! இங்கே மழை போதவில்லை, கிணற்றில் பாதிதான் தண்ணீர். மயிலை மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. உனக்குச் சீம்பால் கொடுத்தனுப்ப வழியில்லை என்று அவருக்கு வருத்தம். சுந்தரி டீச்சர் பேத்தி கல்யாணத்துக்கு நீ வராததை வார்டன் அம்மா கணக்கில் ஏற்றிவிட்டார். அதை நீயே போய்த் தீர்த்துக்கொள், என்னை இழுக்காதே.

அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் பஸ் பிடிக்க ஓடிவிட்டேன். சொல்ல நினைத்ததைப் போனில் சொன்னால் நீ இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே வருவாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுச் சண்டைக்கு வா.

முதலில், எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். பிரபஞ்சம் விரிந்ததைக் கரு வளர்வதோடு சேர்த்துச் சொன்னாய் பார், தமிழ் டீச்சர் சொல்லி இதைக் கேட்டது எனக்கு அவ்வளவு சந்தோஷம். லெமேத்ர் என்ற பெல்ஜியப் பாதிரியார் 1931இல் எல்லாவற்றுக்கும் முன்பு ஓர் ‘ஆதி அணு’ இருந்தது என்று எழுதினார். அதைப் பிற்பாடு முட்டை என்றே பலரும் சொல்லத் தொடங்கினார்கள். ஆக, இந்த எண்ணத்தில் நீ தனியாள் இல்லை. ஒப்புமையும் மேலோட்டமானதல்ல. மனுஷக் கருமுட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதற்குள் குட்டியாகக் கையும் காலும் மடங்கிக் கிடப்பதில்லை. தொடக்கத்தில் இருக்கிற சின்ன வித்தியாசம்தான் வளர்ந்து வடிவமாகிறது. தவளை முட்டையை எடுத்துக்கொள், ராஜி வகுப்பில் அலறிய அதே தவளைதான். அதில் விந்தணு எந்தப் பக்கம் நுழைகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் முதுகாகும். வருடக்கணக்காக இதைப் பாடமாக நடத்தியும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

பிரபஞ்சத்திலும் கிட்டத்தட்ட அதே கதைதான். அதற்கு 3,80,000 வயது ஆனபோது கிளம்பிய ஒளி இன்னும் வானம் முழுக்க இருக்கிறது. பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்து 1965இல் அறிவித்தார்களே, அதுதான். எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரே சீர். அந்தச் சீரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு மேடு பள்ளம் இருப்பதை 1992இல் ஒரு செயற்கைக்கோள் காட்டியது. அதன் பெயர் கோபி! உன் கோபிசெட்டிபாளையத்துக்காரர்கள் இதற்கு ஒரு பேனர் வைத்திருக்க வேண்டாமா? அந்தத் துளி மேடு பள்ளங்கள் 1380 கோடி ஆண்டுகளில் ஈர்ப்பால் கூடிக் கூடி நட்சத்திரக் கூட்டங்களாகின. இதுவரைக்கும் உன் பேச்சில் ஒரு குறையும் இல்லை.

அதற்கப்புறம்தான் நீ தாண்டினாய். வளர்ந்தது, வளர்ந்தது என்று சொல்லிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் பெற்றெடுத்தது என்றாய். வளர்வது வேறு, இனம் பெருக்குவது வேறு அல்லவா? எங்கள் மயிலையின் கன்று இப்போது செவலையாக இருக்கிறது. காங்கேயம் கன்று அப்படித்தான் பிறக்கும், ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அந்தச் சுபாவம் தாய் வழியிலும் காளை வழியிலும் இறங்கி வந்தது. நெற்றியில் இருக்கிற சுட்டி மட்டும் இதற்கே உரியது. தாயிலிருந்து வர வேண்டும், தாயின் தன்மையோடு வர வேண்டும், கொஞ்சம் மாறியும் வர வேண்டும். அப்படி வந்தால்தான் பிறப்பு. பிரபஞ்சம் விரியத் தொடங்கிய பெருவெடிப்பில் தாய் எங்கே? கர்ப்பப்பை எங்கே? வெற்றிடத்தின் ஒரு மூலையில் ஏதோ வெடித்துச் சிதறியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை, இடமே விரிந்தது. வெளியே நின்று பிள்ளையைக் கையில் வாங்க அங்கே யாருக்கும் இடமில்லை.

இந்த மூன்றும் பொருந்துகிற மாதிரி ஒருவர் நிஜமாகவே கணக்குப் போட்டிருக்கிறார் தெரியுமா? லீ ஸ்மோலின் என்ற அமெரிக்க இயற்பியலாளர், 1992இல். ஒரு பிரபஞ்சத்தில் ஒளிகூடத் தப்ப முடியாத ஈர்ப்புள்ள கருந்துளை உண்டாகும்போது, அதன் ஆழத்தில் எல்லாம் நொறுங்கி முடிந்துபோகாமல், மறுபக்கம் இன்னொரு பிரபஞ்சமாக விரிகிறது என்பது அவர் கருத்து. விரியும்போது ஈர்ப்பு எவ்வளவு, எலக்ட்ரானின் நிறை எவ்வளவு என்பது போன்ற அடிப்படை அளவுகள் தாயிடமிருந்து இறங்கி வரும், துளி மாறியும் வரும். கருந்துளைகளை அதிகம் உண்டாக்குகிற பிரபஞ்சத்துக்குப் பிள்ளைகள் அதிகம். தலைமுறை தலைமுறையாக அந்த மாதிரிதான் பெருகி நிற்கும். டார்வினை வானத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்! இதை முதன்முதலில் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

ஸ்மோலின் மேல் எனக்கு மரியாதை வந்தது வேறொரு காரணத்தால். என் கருத்து தவறாக இருந்தால் அது இப்படித் தெரியவரும் என்று அவரே சொல்லிவைத்தார். கருந்துளைகள் அதிகமாக வேண்டுமானால் நியூட்ரான் நட்சத்திரங்கள், அதாவது பெரிய நட்சத்திரங்கள் வெடித்த பிறகு மிஞ்சுகிற இறுகிய உருண்டைகள், ரொம்ப எடை தாங்கக் கூடாது, சீக்கிரமே கருந்துளையாகச் சரிந்துவிட வேண்டும். சூரியனைப் போல 1.6 மடங்கு என்று முதலில் கோடு கிழித்தார், அப்புறம் அது 2 மடங்குக்குப் போனது. 2010இல் கிட்டத்தட்ட 2 மடங்கு எடையுள்ள ஒன்றை அளந்தார்கள். அதற்கப்புறம் இன்னொன்று 2.08 மடங்குக்குப் பக்கத்தில். ஆக, அவர் பாடு சிரமம்தான். கருந்துளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவரும் இல்லை. என்னைக் கேட்டால் இது பலிக்காது என்பேன். ஆனாலும் எடைபோட்டுப் பார்த்துத் தள்ளிவிடலாம் என்று இடம்கொடுக்கிற ஓர் ஒப்புமை, கைதட்டு வாங்குகிற நூறு ஒப்புமைகளுக்கு மேல்.

சரசு, இனிமேல் எழுதுவதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன். “பெற்றுப் பெருகுவதுதான் பிரபஞ்சத்தின் முதல் நியதி, அப்படிப் பெருகாதது எதுவும் இயற்கையின் கணக்கில் வராது” என்று முடித்தாயே, அப்போது உன் மருமகள் தேவி என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள், அவளும் தட்டினாள். உடனே பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா குனிந்து, “விசேஷம் ஏதாச்சும் உண்டா அம்மிணி?” என்று கேட்டார். “இல்லீங்க அத்தை” என்று சிரித்தபடி சொன்னாள். அப்புறம் கூட்டம் கலைகிற வரைக்கும் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கோவையிலும் ஈரோட்டிலும் எத்தனை ஆஸ்பத்திரிப் படி ஏறியிருக்கிறாள், சிவன்மலையில் எத்தனை வேண்டுதல் வைத்திருக்கிறாள் என்பது என்னைவிட உனக்குத்தான் தெரியும். அவளை நினைத்து நீ அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மேடையில் அவள் மாமியார் பேசினாள், அவள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கும்.

அதுமட்டுமல்ல, அந்த வாக்கியமே தப்புடி. உயிரியல் டீச்சராகச் சொல்கிறேன். இயற்கைத் தேர்வு யாருக்கும் கட்டளை போடுவதில்லை. அதிகம் பெற்றவற்றின் வாரிசுகள் அதிகமாக இருக்கும், அது சொல்வது அவ்வளவுதான். பெறாதது குறைப்பட்டது என்று அதில் எங்கேயும் இல்லை. வானத்தையே எடுத்துக்கொள். ஸ்மோலின் கணக்குப்படி கருந்துளையாகிற நட்சத்திரத்துக்குத்தான் வாரிசு. அவை சூரியனைப் போல இருபது மடங்குக்கு மேல் எடையுள்ளவை, ஒரு கோடி ஆண்டு அளவிலேயே எரிந்து தீர்ந்துவிடும். பக்கத்தில் ஒரு புல் முளைக்கக்கூட அவகாசம் இருக்காது. நம் சூரியன் கருந்துளையாகவே ஆகாது, கடைசியில் வெள்ளைக் குள்ளன் என்கிற, எரிந்து தீர்ந்த சின்ன நட்சத்திரமாகச் சுருங்கும். அந்தக் கணக்கில் அது வாரிசில்லாத நட்சத்திரம். 460 கோடி ஆண்டாக எரிந்துகொண்டிருக்கிறது. உன் தடப்பள்ளி வாய்க்கால் நெல்லும், என் மாடும் கன்றும், நீயும் நானும் தேவியும் அதன் வெயிலில்தான் இருக்கிறோம். இதை விட்டுவிட்டு என்ன நியதி?

நீ கோபப்படுவாய், தெரியும். இரண்டு நாள் போன் எடுக்க மாட்டாய். பரவாயில்லை. மற்றவர்கள் சொல்லத் தயங்குவதைச் சொல்வதற்குத்தானே நான் இருக்கிறேன்!

ஈரோட்டிலும் இதே தலைப்பில் பேசக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னாய். போ, தவளை முட்டையையும் கோபி செயற்கைக்கோளையும் தாராளமாக எடுத்துக்கொள். கடைசி வாக்கியத்தை மட்டும் அடித்துவிட்டு அங்கே சூரியனை வை. எழுதியதும் மேடைக்கு முன்னால் தேவியிடம் ஒரு தரம் படித்துக் காட்டு. பௌதிகம் படித்த பிள்ளை, எண்களில் தப்பு இருந்தால் உடனே பிடித்துவிடுவாள். நெய் ஒரு லிட்டர் உருக்கி வைத்திருக்கிறேன், தம்பி தாராபுரம் வரும்போது வாங்கிப் போகச் சொல்.

உன்
மல்லிகா