டோக்கியோ நிஷிகசாய்ல இருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொல்லச் சொல்ல கவிதா எழுதின லெட்டர் வந்துச்சு. பெரியப்பா பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் படிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டேன். இத்தனை நாள் பதில் போடலன்னு நெனைக்காத, வேலை ஜாஸ்தி அவ்ளோதான். நல்லா இருக்கேன். நிஷிகசாய்ல நம்மாளுங்க நெறைய, புளி, பெருங்காயம் எல்லாமே கெடைக்குது.

கீழ்வீட்டு தாத்தா, பால்கனியில மொளகா பறிச்சுக் குடுப்பாரே, அவரும் போயிட்டாரும்மா. வடக்க தலை வச்சுப் படுக்காதன்னு நீ திட்டுவேல்ல, இங்கயும் அதே பேச்சுதான், புத்தர் கடைசியா அப்படிப் படுத்தாராம், அதனால செத்தவங்களுக்கு மட்டும்தான் வடக்க தலை. பக்கத்துல ஒரு கிண்ணம் சோறு, அதுல சாப்பிடுற குச்சிய செங்குத்தா குத்தி வச்சிருந்தாங்க. அதான் சாப்பிடுறப்ப யாரும் சோத்துல குச்சி குத்துறதில்ல.

மொய் கவர் உண்டு. புது நோட்டு வைக்கக் கூடாதாம், சாவுக்காகவே எடுத்து வச்ச மாதிரி ஆயிடுமாம். அஞ்சாயிரம் யென் வைக்கலாம்னாங்க, நான் மூவாயிரம் வச்சேன், அக்கம்பக்கத்துக்கு அதுவே போதுமாம். வாங்கின மொய்ல பாதி மதிப்புக்கு திருப்பி ஏதாவது குடுத்துடுவாங்க, எனக்கு டீத்தூள் வந்துச்சு.

சொந்தம் கம்மின்னு கீழ்வீட்டு பாட்டி என்னையும் சுடுகாட்டுக்கு வரச் சொன்னாங்க. சுடுகாடுன்னா ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்கு. ஒரு மணி நேரம் மாடியில டீ குடிச்சிட்டு இருந்தோம், அப்புறம் கூப்பிட்டாங்க. தட்டுல வெள்ளை வெளேர்னு எலும்பு, சூடு முகத்துல அடிக்குது. ரெண்டு பேர் சேர்ந்து ஒரே எலும்ப நீளக் குச்சியால பிடிச்சு பானையில போடணும். காலுல ஆரம்பிச்சு தலைல முடிப்பாங்க, பானைக்குள்ள ஆள் நேரா நிக்கணும்ல. கழுத்து எலும்பு ஒண்ணு, புத்தர் உக்காந்திருக்க மாதிரி இருக்கும்பாங்க, அது கடைசியா. டோக்கியோல எல்லா எலும்பையும் எடுத்துடுறாங்க, ஒசாகா பக்கம் கொஞ்சம்தான் எடுப்பாங்களாம், அங்கருந்து வந்த பையன் பானை சைஸ பார்த்து திகைச்சுட்டான். 49 நாள் வீட்லயே வச்சிருந்து அப்புறம்தான் கல்லறையில வைப்பாங்க.

கால் எலும்ப பாட்டியும் நானும் எடுத்தோம். எனக்கு பெரியப்பா கால்தான் ஞாபகம் வந்துச்சும்மா, வரப்புல மம்பட்டி வெட்டின தழும்போட அந்தக் கால். என்னை தோள்ல தூக்கிட்டு திருவையாறு வரைக்கும் நடந்த மனுசன். காடாத்து அன்னைக்கு நான் அங்க இருந்திருக்கணும், பால் தெளிக்க, எலும்பு பொறுக்க, செந்தில் அண்ணன் கூட காவிரில எறங்க. அங்கயே அழுதுட்டேன், பாட்டி முதுகைத் தடவிக் குடுத்தாங்க, தாத்தாவுக்காகன்னு நெனைச்சிருப்பாங்க.

வாசல்ல உப்பு தூவிட்டுதான் உள்ள வரணும்னாங்க. நான் தலையோட குளிச்சுட்டேன்.

சரி, வேலையப் பாப்போம். பட்டா மாத்த வாரிசு சான்றிதழ் வேணும், செந்தில் அண்ணன சீக்கிரம் தாசில்தார் ஆபீசுக்குப் போகச் சொல்லு. நகைக்கடன் வட்டி இந்த மாசம் பத்து நாள் தள்ளி அனுப்புறேன், சம்பளம் லேட், வேற ஒண்ணுமில்ல. வருஷ திதிக்கு கண்டிப்பா வந்துடுவேன், தேதி ஐயர்கிட்ட இப்பவே கேட்டு எழுது, அப்பதான் டிக்கெட் கொறச்சலா கெடைக்கும். பெரியம்மாவ நம்ம வீட்ல வந்து இருக்கச் சொல்லு. சித்தப்பா எந்தப் பேப்பர நீட்டினாலும் அண்ணன் படிச்சுப் பார்க்காம அவங்க கைநாட்டு வைக்க வேண்டாம்.

உன் மகன்,
குமார்