பெரியவர் போன பிறகு

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் நாளைக் கடத்திவிட்டேன். நம் மிருகக்காட்சிசாலைச் சிங்கம், நம் பெரியவர், போய்விட்டார். யார் மூலமாகவாவது உன் காதுக்கு எட்டியிருக்கும். ஆனாலும் முழுக் கதையும் என்னிடமிருந்து வருவதுதான் முறை.

வயதான பெரிய பூனைகளுக்கு வருகிற அதே சீக்குதான். சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டது. முதுகெலும்பும் இறுகிப்போயிருந்தது. மேடையில் தாவி ஏறுவதை நிறுத்தியதும் மேடையைத் தாழ்த்திப் போட்டோம். பிறகு சரிவாக ஒரு பலகை வைத்தோம். அதுவும் முடியாமல் போனதும் தரையிலேயே வைக்கோலைப் பரப்பினோம். எலும்போடு தொடைக்கறி போட்ட காலம் போய், எலும்பில்லாத துண்டுகளுக்குள் மாத்திரையைத் திணித்துக் கொடுக்கிற நிலை. மாத்திரை இருக்கிற துண்டை மட்டும் நாக்காலேயே ஒதுக்கித் தள்ளிவிடுவார். அந்தச் சாமர்த்தியம் கடைசிவரை குறையவில்லை.

எங்களை அதிகம் படுத்தியது நகம். தெம்புள்ள சிங்கம் மரத்தைப் பிறாண்டிப் பிறாண்டி நகத்தின் மேலுறையைத் தானே உதிர்த்துவிடும். இவரால் அது முடியவில்லை. நகம் வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்த ஆரம்பித்தது. கம்பியோரம் பாதத்தைத் தூக்கி வைக்கப் பழக்கிவிட்டுப் போனாயே, அதுதான் எங்களைக் காப்பாற்றியது. இல்லையென்றால் ஒவ்வொரு தடவை நகம் வெட்டவும் மயக்க ஊசி போட வேண்டியிருந்திருக்கும். சிறுநீரகம் கெட்ட விலங்குக்கு மயக்க மருந்து என்றால் எந்த டாக்டரும் யோசிப்பார். ரத்தம் எடுப்பதும் அப்படித்தான். கம்பிக்கு இடையில் வாலை இழுத்துப் பிடித்துக்கொண்டால், கறித்துண்டை நக்கிக்கொண்டே பொறுமையாக நிற்பார். புதிதாக வந்த பையன்கள் இதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். யார் பழக்கியது என்று சொல்லத் தவறமாட்டேன்.

கடைசியில் டாக்டர் ஒரு தாளைக் கொட்டடிக் கதவில் ஒட்டினார். சாப்பிட்டாரா, தண்ணீர் குடித்தாரா, எழுந்து நடந்தாரா, உடம்பை நக்கிச் சுத்தம் செய்தாரா, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாரா என்று தினமும் குறிக்க வேண்டும். பூனை இனம் வலியை வெளியே காட்டாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. நல்ல நாளைவிடக் கெட்ட நாள் கூடிக்கொண்டே வந்தது. பிடரியில் சடை விழுந்து, அதைக்கூட நக்காமல் கிடந்தபோது எனக்கே தெரிந்துவிட்டது. ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவைப்பதென்று முடிவானது. எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. ஆண் சிங்கம் காட்டில் பன்னிரண்டு வயதைத் தாண்டுவதே அபூர்வம். இவர் இருபதை எட்டிப் பிடித்தவர். இன்னும் ஒரு மாதம் இழுத்துப் பிடித்திருந்தால் அது நம் திருப்திக்காகத்தான் இருந்திருக்கும். உடற்கூறாய்வு முடிந்ததும், பல்லோ நகமோ வெளியே போய்விடாதபடி எல்லோர் முன்னிலையிலும் எரித்தார்கள்.

இனிமேல்தான் உன்னிடம் பேச வேண்டிய விஷயம். சாம்பல் ஆறுவதற்குள் அந்த இடத்தை என்ன செய்வது என்ற பேச்சு வந்துவிட்டது. வெள்ளைச் சிங்கம் ஒரு ஜோடி கொண்டுவந்தால் கூட்டம் அள்ளும் என்கிறார்கள் சிலர். வேறு சிலருக்கு எல்லாவற்றையும் இடித்துவிட்டுக் குழந்தைகள் விளையாடும் இடமாக்க ஆசை. கேட்டை விட்டு உள்ளே வருகிற ஜனங்களோ, "சிங்கம் எங்கே, எப்போது வரும்?" என்று நச்சரிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. காபூல் பூங்காவில் இருந்த மர்ஜானை நினைவிருக்கிறதா? யாரோ வீசிய கையெறி குண்டில் பார்வையை இழந்து, போர்க்காலம் முழுவதையும் தாக்குப்பிடித்து, 2002 ஜனவரியில் செத்துப்போன சிங்கம். அந்த ஆண்டு முடிவதற்குள் சீனாவிலிருந்து சிங்கங்கள் வந்து இறங்கிவிட்டன. அவ்வளவு இடிபாட்டுக்கு நடுவிலும் சிங்கம் இல்லாத பூங்காவை யாராலும் பார்க்க முடியவில்லை.

வெள்ளைச் சிங்கம் பற்றி என் கருத்து உனக்குத் தெரியும். அது தனி இனம் கிடையாது. தென்னாப்பிரிக்காவின் திம்பாவதி பக்கம் காணப்பட்ட, ஒரு ஒடுங்கு மரபணுவால் (தாய், தகப்பன் இரண்டு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும்) வருகிற வெளிர் நிறம், அவ்வளவுதான். அந்த நிறத்தைத் தக்கவைக்கச் சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்த்து வளர்க்கிறார்கள். இனத்தைக் காக்கிறோம் என்று பலகை வைத்தால் அது பொய். அதற்காக எல்லாச் சிங்கமும் ஒன்று என்றும் சொல்லவில்லை. ஆசியச் சிங்கம் குஜராத்தை விட்டால் வேறெங்கும் காட்டில் இல்லை. 2025 கணக்கெடுப்பில் 891. அமெரிக்கப் பூங்காக்களில் ஆசியச் சிங்கம் என்று நம்பி வளர்த்த கூட்டத்தில் ஆப்பிரிக்க ரத்தம் கலந்திருப்பது 1987இல் வந்த மரபியல் ஆய்வில் தெரிந்து, அந்த இனப்பெருக்கத் திட்டமே படுத்துவிட்டது. நம் பெரியவரின் பூர்வீகமும் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அவருக்கு வாரிசே வேண்டாம் என்று அப்போதே முடிவெடுத்தோம். எந்தச் சிங்கம் வருவதானாலும் அது எங்கே பிறந்தது, யார் வழி வந்தது என்பதைப் பதிவேட்டில் பார்த்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும்.

போன வாரம் காலியான அடைப்புக்குள் இறங்கி நடந்தேன். அத்தனை வருஷமாக உள்ளே சிங்கம் இருந்ததால், பகலில் அந்த மண்ணில் நின்று பார்க்கிற வாய்ப்பே எனக்கு வந்ததில்லை. தரை எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது. அகழியோரம், ஜனங்கள் நின்று பார்க்கிற பக்கம் முழுக்க, புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. அங்கே அவர் காலே வைத்ததில்லை. நீயும் நானும் அதை நிழல் இல்லாத குறை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பின்பக்கம், கொட்டடிக் கதவிலிருந்து மூலைச்சுவர் வரைக்கும், ஒரு புல்கூட முளைக்காத தடம். கல்லாக இறுகியிருக்கிறது. நடந்து நடந்து பதிந்த தடம் அது. சுவருக்கு அந்தப் பக்கம்தானே மான் கொட்டகையும் நாம் போய்வருகிற வழியும். வாசனையும் காலடிச் சத்தமும் வருகிற பக்கம் அதுதான். மேட்டின் உச்சியில் ஒரு குழி, அவர் உடம்பளவுக்கு. அங்கே நான் உட்கார்ந்து பார்த்தேன். சுவருக்கு மேலே பூங்காவின் பாதி தெரிகிறது.

அகழியின் கதையும் உனக்குத் தெரிந்ததுதான். 1907இல் ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கத்தில் ஸ்டெல்லிங்கனில் விலங்கு வியாபாரி ஹாகன்பெக் தன் பூங்காவில் கம்பிகளை எடுத்துவிட்டு அகழி வெட்டினார். சிங்கம் எவ்வளவு தூரம் தாண்டும் என்று சோதித்துப் பார்த்து அகலத்தை வைத்தார். உலகமே அதைக் காப்பியடித்தது. பார்க்கிறவன் கண்ணுக்குக் கம்பி இல்லை. ஆனால் உள்ளே இருக்கிற விலங்குக்கு இடம் குறைந்துவிட்டது. நம்முடையதில் அகழி விழுங்கிய நிலத்தைக் கூட்டினால் இன்னொரு சிங்கம் தாராளமாகப் படுக்கலாம்.

2003இல் கிளப், மேசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதிய கட்டுரையைப் பற்றி ராத்திரி முழுக்கச் சண்டை போட்டோமே. காட்டில் பரந்து திரிகிற ஊனுண்ணிகள்தான் அடைப்பில் அதிகமாக முன்னும் பின்னும் அலைகின்றன என்று கண்டார்கள். நீ இடம், இடம் என்றாய். நான் துணை என்றேன். இன்றும் நான் அதையேதான் சொல்வேன். சிங்கம் ஒன்றுதான் பூனைக் குடும்பத்தில் கூட்டமாகவே வாழ்கிற ஜாதி. ஆண்கள்கூட அண்ணன் தம்பியாக, கூட்டாளியாகச் சேர்ந்து திரிகின்றன. நம் பெரியவரோ, கூட இருந்த பெண் சிங்கம் செத்த பிறகு தனியாகவே காலத்தைத் தள்ளினார். புதிதாகத் துணை சேர்த்தால் கடித்துக் குதறிவிடும் என்று பயந்தோம். அந்த வயதில் அது நியாயமான பயமும்தான். ஆனால் அந்தத் தடம் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. இடம் தேடி அலைகிறவர் நாலா பக்கமும் அலைந்திருப்பார். இவர் பழகிய ஆள் வருகிற ஒரே பக்கத்தில் நின்று நடந்திருக்கிறார். நீ இதற்கும் மறுத்துப் பேசுவாய், பேசு.

அதனால் அந்த இடத்தைப் பற்றி முடிவெடுக்கிற குழுவின் கூட்டத்தில் நான் சொல்லப்போவது இதுதான். அகழியைத் தூர்க்க வேண்டும். தடித்த கண்ணாடியும் கம்பிவலையும் போதும். பக்கத்தில் காலியாகக் கிடக்கிற கரடி அடைப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொட்டடியில் குறைந்தது நான்கு அறைகள் வேண்டும், சண்டை வந்தால் பிரித்து வைக்க. இத்தனையும் செய்ய முடியுமென்றால், ஒன்றாகவே வளர்ந்த ஆண் சிங்கங்கள் இரண்டு மூன்று வரட்டும். குட்டி போடவேண்டிய அவசியமில்லை. பல பூங்காக்களில் மிஞ்சி நிற்கிற ஆண்களுக்கு இடமில்லாமல் திண்டாடுகிறார்கள். இத்தனைக்கும் பணம் இல்லை என்றால் சிங்கமே வேண்டாம். காட்டுப்பூனையோ நரியோ அந்த இடத்தில் ராஜாவாக வாழும். பெயர்ப்பலகையில் சிங்கம் இல்லை என்று நாலு பேர் முணுமுணுக்கட்டும். லண்டன் பூங்காவில் 1934இல் கட்டிய பெங்குவின் குளம் பாதுகாக்கப்பட்ட கட்டடம், இடிக்க முடியாது. பெங்குவின்கள் 2004லேயே வெளியேறிவிட்டன. கட்டடம் அழகாக நிற்கிறது, உள்ளே பெங்குவின் கிடையாது. நம் அடைப்புக்கு அந்த அளவு அந்தஸ்து இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அடுத்த மாதம் குழு கூடுகிறது. என்னையும் அழைத்திருக்கிறார்கள். அதுவரை அந்தத் தரையில் யாரும் மண் கொட்டக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அளந்து வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். நீ அவரைக் கவனித்துக் குறிப்பு எழுதிய பழைய நோட்டுகள் உன்னிடம்தானே இருக்கின்றன? பெண் சிங்கம் உயிரோடு இருந்த நாட்களில் அவர் பகலில் எங்கே படுப்பார், பின்பக்கம் அப்போதும் நடந்தாரா என்று தேடிப் பார்த்து எழுது. அந்தத் தடம் அவள் போன பிறகுதான் விழுந்தது என்றால் என் வாதத்துக்கு வலு. முன்பே இருந்தது என்றால் உன் கட்சி ஜெயித்தது. அதையும் குழுவில் சொல்லிவிடுகிறேன். தபாலில் அனுப்பாதே, பக்கங்களைப் படமெடுத்துப் போனில் அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி