ஊசி போட்டுப் பழகியவர்களுக்கு ஒரு மேசை கொடுங்கள்

கடலூர் மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்தபின் சர்க்கரை மாத்திரை வாசலுக்கே வருகிறது. இன்சுலினுக்கோ, குப்பி கைக்கு வந்த பிறகுதான் வேலையே. கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து கொடுக்கும் நாளன்று, பல வருடம் ஊசி போட்டுவரும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் புதியவர்களோடு உட்கார ஒரு மேசை கேட்கிறோம்.

முதலில் சிரிஞ்சு. நம்மிடம் புழங்கும் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. இன்சுலின் பேனாவுக்குள் செருகும் மருந்துக் குழாயான கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100. பேனா பழுதானதென்று கார்ட்ரிட்ஜ் மருந்தைச் சிவப்பு மூடியில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 50. குப்பி மருந்தை, 100 யூனிட் மருந்துக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அதே 20 வரை இழுத்தால் 8தான் போகும். மருந்து கேட்கவில்லை என்று அளவு கூடும். லேபிளையும் மூடியையும் சேர்த்துப் பார்க்கப் பழக்க வேண்டும்.

ஒரே இடத்தில் குத்தினால் தோலடியில் கட்டி தட்டும். அங்கே வலிக்காது, அதனால் அங்கேயே குத்துவார்கள்; மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. விரலால் தடவினால் தெரியும். வயிற்றைத் தடவிக் காட்டப் பெண்ணுக்குப் பெண்தான் வேண்டும்.

விடியுமுன் வெறும் வயிற்றில் படகேறுபவருக்குச் சர்க்கரை 70க்குக் கீழே போனால், தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. சாக்லேட் மெதுவாகத்தான் ஏறும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108ஐ அழைக்க வேண்டும்.

தானே புயலுக்குப் பின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது மூடிய டப்பாவில் குப்பியைப் போட்டு, ஈரமாக்கிய மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். மீன்பிடி ஊர்களில் ஐஸ் எளிதில் கிடைக்கும். அதில் நேராகப் புதைத்தால் இன்சுலின் உறைந்து கெடும். உறைந்தது உருகினாலும் பயனில்லை.

அளவைக் கூட்டு, குறை என்று மேசையில் உட்காரும் இருவரும் சொல்லக்கூடாது. காலில் புண், ஓயாத வாந்தி, 300ஐத் தாண்டிய சர்க்கரை என்றால் பேச்சை விட்டுவிட்டுச் செவிலியரிடம் அனுப்ப வேண்டும். இதை எழுதி மேசைமேல் ஒட்டுங்கள். சர்க்கரை தீரும் என்று பொடி டப்பா விற்பவர்களையும் தள்ளி வையுங்கள். கூட்டம் கூடினால் வந்துவிடுவார்கள்.

பணம் வேண்டாம். பழகிப்பார்க்கக் காலாவதியான குப்பிகள், இருவகை சிரிஞ்சு, குத்தி முடித்த ஊசியைப் போட ஒரு கெட்டி டப்பா, குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் போதும். அக்டோபரில் மழை பிடிக்குமுன் அனுமதி தாருங்கள்.

இப்படிக்கு,
கடலூர் கடலோர ஊர்களில் இன்சுலின் போட்டுவருவோர்