எங்கள் பள்ளித் தேர்தலுக்குத் துணைநின்ற அனைவருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கான தேர்தல் நல்லபடியாக முடிந்து, முடிவும் அறிவிப்புப் பலகையில் ஒட்டியாகிவிட்டது. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி வளாகத்தில் எந்த மரக்கன்றை நடுவது என்று வாக்களித்தார்கள். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ளவர்கள் தங்களுக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கை தூக்கச் சொல்லி எண்ணியிருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். பட்டியல், சீட்டு, பெட்டி, முத்திரை, எண்ணிக்கை எல்லாம் நிஜத் தேர்தலில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று முடிவெடுத்ததால்தான் இத்தனை பேரின் உழைப்பு தேவைப்பட்டது. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

முதல் நன்றி, வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும் பணி செய்யும் எங்கள் அங்கன்வாடி அக்காவுக்கு. வருகைப் பதிவேட்டை அப்படியே படியெடுத்தால் அது வாக்காளர் பட்டியல் ஆகாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் சொன்னபடி வரைவுப் பட்டியலைப் பிள்ளைகளின் கண் உயரத்துக்கு, தரையிலிருந்து மூன்றடியில் ஒட்டினோம். மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போன பிள்ளையின் பெயர் அதில் இருந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் பெயர் இல்லை. ஒரே பெயரும் ஒரே முன்னெழுத்தும் உள்ள இருவரைப் பிரித்துக் காட்ட அம்மாவின் பெயரையும் சேர்த்தோம். தன் பெயரைத் தானே தேடி, இல்லையென்றால் வந்து கேட்பதுதான் ஒரு குழந்தை செய்யக்கூடிய முதல் தேர்தல் வேலை என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

அடுத்து, எங்கள் ஊர் ஆசாரி. எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு, ஒவ்வொரு கன்றின் படமும் ஒட்டிய தனித்தனிப் பெட்டி வைத்தோம். இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில், 1951–52இல், இப்படித்தான் நடந்தது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியில் அவர் சின்னம், சீட்டில் எதையும் குறிக்காமல் உள்ளே போட்டால் போதும். 1957இலும் அதே முறைதான். எங்கள் பிள்ளைகள் சீட்டுக்குப் பதில் புளியங்கொட்டை போட்டார்கள். மரப்பெட்டியில் கொட்டை விழும் சத்தம் வரிசையில் நிற்பவருக்குக் கேட்டுவிடும், எந்தப் பக்கத்துப் பெட்டி என்றும் தெரிந்துவிடும். அதனால் பெட்டியின் அடியில் பழைய போர்வைத் துண்டை மடித்துப் போட்டுத் தந்தார் ஆசாரி. பையில் சொந்தமாகப் புளியங்கொட்டை வைத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு என்பதால், கொட்டைகளுக்கு நீலச் சாயம் பூசி, எண்ணிக் கையில் கொடுத்தோம்.

தலைவர் தேர்தலுக்குச் சின்னம் தேடியதுதான் பெரிய வேலையாகிவிட்டது. பிள்ளைகள் ஆசைப்பட்டுச் சொன்ன மாம்பழம், பானை, பம்பரம், முரசு எல்லாம் நம் ஊரில் கட்சிச் சின்னங்களாகப் பார்த்துப் பழகியவை. அணிலிலும் ஆமையிலும் இன்று அரசியல் கிண்டல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பெற்றோர் ஒருவர் எடுத்துச் சொன்னது நல்லதாயிற்று. கடைசியில் மைனா, முயல், தட்டான் என்று முடிவாயிற்று. மூன்றையும் வரைந்து தந்த எட்டாம் வகுப்பு மாணவிக்கு நன்றி.

வாக்குச்சீட்டு அச்சடித்த அச்சகத்தாருக்கும், ரப்பர் முத்திரை செய்து தந்தவருக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். சீட்டில் மூன்று வரிசை, வரிசைக்கு நடுவே விரற்கடை அகலத்தில் சாம்பல் பட்டை. அடிக்கட்டையில் மட்டும் வரிசை எண் போட்டோம். கொடுக்கும் சீட்டில் எண் இருந்தால் எந்தச் சீட்டு யாருடையது என்று ஆசிரியரால் கண்டுபிடிக்க முடியும் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடும். முத்திரைக்கு வெண்டைக்காயை வெட்டி மையில் தோய்க்கலாம். அழகாக இருக்கும், ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. ஈரம் காயாமல் குறுக்கே மடித்தால் மேல் வரிசையின் மை கீழ் வரிசையில் ஒட்டிக்கொள்ளும். வெண்டைக்காய் அச்சு எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோலவே இருப்பதால் எது குத்தியது, எது ஒட்டியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வாக்குச்சீட்டுத் தேர்தல்களில் தரப்படும் முத்திரை ஸ்வஸ்திக் போல ஒரு பக்கம் சுழலும் வடிவில் இருப்பது இதற்காகத்தான். மடிப்பில் ஒட்டிய மை எதிர்ப்பக்கம் சுழன்று நிற்கும். அதே யோசனையில் எங்களுக்கு 'உ' முத்திரை கிடைத்தது. ஒட்டிய 'உ' கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நிற்பதை மூன்றாம் வகுப்புப் பிள்ளையே சுட்டிக்காட்டிவிடும். முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்கே மடிக்கப் பழக்கினோம். நீளவாக்கில் மடித்தால் மை பட்டாலும் அதே வேட்பாளரின் வரிசையில்தான் படும்.

காகிதச் சீட்டு என்பதால் இது பழங்காலத்து முறை என்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2019, 2021 ஊரக உள்ளாட்சித் தேர்தல்களில் இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் சீட்டுகளில்தான் முத்திரை குத்தினார்கள்.

வாக்குச்சாவடியை அமைத்துத் தந்தவர்கள் தேர்தல் பணியில் பல முறை இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர். முதல் மேசையில் பட்டியலில் பெயர் பார்ப்பது, இரண்டாவதில் கையொப்பமும் விரல் அடையாளமும், மூன்றாவதில் சீட்டும் முத்திரையும், கடைசியில் பெட்டி. வகுப்பறைக்கு ஒரு கதவுதான் இருந்தால் நடுவே கயிறு கட்டி, உள்ளே வரும் வழியையும் வெளியே போகும் வழியையும் பிரிக்க வேண்டும். தொலைக்காட்சி அட்டைப்பெட்டியை மூன்று பக்கமாக வெட்டிச் செய்த மறைப்பை ஜன்னல் ஓரம் வைத்திருந்தோம். வெளியே நிற்பவர் எட்டிப் பார்க்கலாம் என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் நகர்த்தச் சொன்னார்கள். வாக்குப்பதிவு தொடங்குமுன் பெட்டியைக் கவிழ்த்துக் காலியாக இருப்பதை வேட்பாளர்களின் முகவர்களான பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். காகிதப் பட்டை சுற்றி அரக்கு வைத்ததும், பட்டையில் அவர்கள் கையெழுத்திட்டார்கள். பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தது இதைத்தான்.

விரல் அடையாளத்துக்கு மருதாணி அரைத்துத் தந்த சத்துணவுக்கூடத்து அம்மாவுக்கு நன்றி. 1962 முதல் பொதுத்தேர்தல்களுக்கு மைசூரில் தயாராகும் அழியாத மையில் வெள்ளி நைட்ரேட் இருக்கிறது. அது கடையில் கிடைக்காது, கிடைத்தாலும் விரல் சூப்பும் பிள்ளைகளுக்கு ஆகாது. கருப்பு மருதாணி கோனும் வேண்டாம், அதில் சேர்க்கும் ரசாயனம் தோலில் கொப்புளம் உண்டாக்கலாம். பச்சை இலையை அரைத்து இடது ஆள்காட்டி விரல் நகத்தில் வைத்து, கால் மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தால் போதும். தேர்தல் மை போலவே இந்த நிறமும் நகம் வளர வளரத்தான் போகும்.

பிரசாரத்தில் மிட்டாயோ பென்சிலோ கொடுக்கக் கூடாது என்ற விதியைப் பெற்றோர் முழுமையாகக் காப்பாற்றினார்கள். வேட்பாளர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம். "என்ன செய்வாய், எப்படிச் செய்வாய், அதற்கு யார் அனுமதி வேண்டும்?" என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது கேள்வி வந்ததும் 'வீட்டுப்பாடமே இருக்காது' என்ற வாக்குறுதி தானாகவே காணாமல் போனது.

எண்ணிக்கையை நடத்திய ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அவர்கள் முதலில் பிரித்தது சீட்டுகளை அல்ல, கணக்கை. பட்டியலில் கையொப்பம் 86, கிழித்த அடிக்கட்டை 86, பெட்டியில் 85. ஒரு சீட்டு ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டுக்குள் பத்திரமாக இருந்தது. அதைப் பிறகு பெட்டியில் சேர்க்காமல், 'பெட்டிக்கு வராதது 1' என்று எழுதி முகவர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஒரே கட்டத்தில் இரண்டு முறை குத்திய சீட்டைச் செல்லாது என்று தள்ளப் பார்த்தார்கள் சிலர். 1961 தேர்தல் நடத்தை விதிகளைக் கொண்டுவந்து, யாருக்கு என்ற எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் குறி இரண்டு முறை விழுந்ததற்காக மட்டும் ஒதுக்கக் கூடாது என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் படித்துக் காட்டினார். இரண்டு வரிசையில் குத்தியது செல்லாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சமமாக வந்தால் குலுக்கல் என்பது 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே உள்ளது. உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையில் சிறுவன் ஓலை எடுத்ததுபோல, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவரைத் தயாராக வைத்திருந்தோம். தேவைப்படவில்லை.

பெற்றோர்களுக்கு இன்னொரு நன்றி. "யாருக்குப் போட்டே?" என்று வீட்டில் கேட்க வேண்டாம் என்று வேண்டியிருந்தோம், கேட்காமல் இருந்தீர்கள். ரகசிய வாக்கு என்றால் அம்மாவிடமும் சொல்லத் தேவையில்லாதது என்பதை வகுப்பறையில் எங்களால் பாதிதான் சொல்லித்தர முடியும். தோற்ற இரண்டு பிள்ளைகளின் வீட்டாரும் மறுநாள் அவர்களை வழக்கம்போல் பள்ளிக்கு அனுப்பி வைத்தது எங்களுக்குப் பெரிய பலம். அவர்களைத் தண்ணீர்த்தொட்டிக் குழுவுக்கும் நூலகக் குழுவுக்கும் பொறுப்பாக்கியிருக்கிறோம்.

நெல்லி, நாவல், புங்கை மூன்றும் இருப்பில் இருந்தும், முடிவு வரும்வரை எதையும் அனுப்பாமல் காத்திருந்த நாற்றங்கால்காரருக்கும் நன்றி. வென்ற நாவல் கன்றை ஒன்றாம் வகுப்பே நட்டது. ஆடு மேயாமல் இருக்கக் கூண்டு வைத்துத் தந்த ஊராட்சி மன்றத்துக்கும் நன்றி.

பெட்டிகள், மறைப்பு அட்டை, 'உ' முத்திரை, மாதிரிச் சீட்டு, பட்டியல் படிவம் எல்லாம் தலைமை ஆசிரியர் அறை அலமாரியில் இருக்கின்றன. பக்கத்துப் பள்ளிகள் கேட்டால் தருவோம். முத்திரை மையை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், போன ஆண்டு மை திட்டுத்திட்டாகத்தான் விழும்.

நன்றியுடன்,
பள்ளித் தேர்தல் குழு ஆசிரியர்கள்