பெற்றோர் ஆசிரியர் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், முதல்வர் அவர்களுக்கும், நேரில் வந்திருக்கும் பெற்றோர், ஆசிரியர் அனைவருக்கும் ஸ்தோத்திரம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். திறந்து பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

கல்வியாண்டுத் தொடக்க ஜெபக்கூட்டம், விளையாட்டு விழா, ஆசிரியர்களுக்கான பாராட்டு நிகழ்ச்சி, கிறிஸ்துமஸ் கீத ஆராதனை எல்லாம் தேவ கிருபையால் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு கூடியது, கோரம் சேர்ந்த நாட்களில் தீர்மானங்களும் நிறைவேறின.

புதிதாக நாம் செய்தது ஒன்றுதான், வாசிப்புத் துணைத் திட்டம். என் யோசனை என்பதால் நீட்டிப் பேசுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். பரவாயில்லை, கேளுங்கள்.

நம் பள்ளிக்கு நாடு மாறி, மொழி மாறி வரும் பிள்ளைகள் அதிகம். வகுப்பில் ஒரு பிள்ளை வாசிக்கத் திணறினால், ஆங்கிலம் புதிது என்பதாலா, டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடா என்று சட்டென்று சொல்ல முடியாது. பேச்சு மொழியையும் பாட மொழியையும் 1979-லேயே பிரித்துக் காட்டினார் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ். விளையாடும்போது பேசும் மொழி சுமார் 2 ஆண்டுகளில் வந்துவிடும். பாடப்புத்தக மொழி வசப்பட 5 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம். இது தெரியாவிட்டால் இரண்டு பக்கமும் தப்பு நடக்கும். மொழி மட்டுமே புதிதான பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று முத்திரை விழும். உண்மையிலேயே டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையை ‘போகப்போகச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுவோம். அதனால்தான் சிறப்புக் கல்வி ஆசிரியர் உங்களிடம், வீட்டு மொழியில் பிள்ளை எப்படி வாசிக்கிறான், எப்போது பேசத் தொடங்கினான் என்றெல்லாம் கேட்கிறார். அது குடும்ப விவகாரத்தைத் துருவுவதல்ல. அப்புறம், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தாய்மொழி உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு அடுத்த மொழி எளிதாகும்.

நம் திட்டத்தில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் ஒரே புத்தகத்தைச் சேர்ந்து சத்தமாக வாசிப்பார்கள். புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கும். தனியாக வாசிக்கலாம் என்று தோன்றும்போது மேசையில் ஒரு தட்டுத் தட்டும், பெரியவர் நிறுத்திக்கொள்வார். பிள்ளை ஒரு சொல்லில் தடுமாறினால் 4, 5 விநாடி காத்திருந்து, அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்து, பிறகு இருவருமாகத் தொடர வேண்டும். திட்டக் கூடாது, ‘எழுத்துக்கூட்டு’ என்று நச்சரிக்கவும் கூடாது. நாளுக்கு 15 நிமிடம் போதும். இது டிஸ்லெக்சியாவுக்கு மாற்றுச் சிகிச்சை அல்ல. எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக இணைத்துக் கற்பிப்பது பயிற்சி பெற்ற ஆசிரியரின் வேலை. நாம் செய்வது, அங்கே கற்றதைப் பயத்தோடு அல்லாமல் பழக இடம் கொடுப்பது.

தொடக்க நாளில் பெயர் கொடுத்தவர்கள் ஒரு தாள் நிறைய இருந்தார்கள். குழுப் புகைப்படமும் எடுத்தோம். அதற்குப் பிறகு அந்தப் புகைப்படத்தில் மட்டுமே பார்க்கக் கிடைத்தவர்கள் பலர். துணைக்கு ஆள் வராத நாளில் புத்தகத்தோடு காத்திருந்த பிள்ளையிடம் என்ன சொல்வது என்று அவர்களே யோசித்துக்கொள்ளட்டும். தவறாமல் வந்தவர்களில் பாதிப்பேர், சொந்தப் பிள்ளைக்கு இந்த உதவியே தேவைப்படாத பெற்றோர். இதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

டிஸ்லெக்சியா போன்ற குறைபாடுள்ள மாணவர்களுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் தருவது அநியாயம் என்று குழுவில் ஒரு நீண்ட விவாதம் ஓடியது. சர்வதேசத் தேர்வுகளை நடத்தும் கேம்பிரிட்ஜும் ஐ.பி.யும் (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) பரிசோதனை அறிக்கையைப் பார்த்தே இதை அனுமதிக்கின்றன; பெரும்பாலும் 25 சதவீதம், அதாவது 2 மணி நேரத் தாளுக்கு 30 நிமிடம். கேள்வித்தாளும் அதேதான், திருத்தும் அளவுகோலும் அதேதான். யாத்திராகமம் 4-ம் அதிகாரத்தில், தனக்குத் திக்குவாய் என்று மோசே முறையிட்டபோது தேவன் பணியைக் குறைக்கவில்லை. பேசுவதற்கு ஆரோனைக் கூட அனுப்பினார். கிறிஸ்தவப் பள்ளியில் இதற்கு மேல் வாதாட வேண்டுமா என்ன? ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். விண்ணப்பத்துக்குக் கெடு உண்டு. தேர்வு நெருங்கும்போது அறிக்கையோடு ஓடி வந்தால் பள்ளியால் ஒன்றும் செய்ய முடியாது.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் செலவு வரவுக்குள் அடங்கியது. கொஞ்சம் மிச்சமும் உண்டு, வாசிப்புப் புத்தகங்களுக்கு அது போதாது. சந்தா பாக்கி மட்டும் வந்திருந்தால் போதியிருக்கும். பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

நிர்வாகத்துக்கும், போதகருக்கும், சிறப்புக் கல்வி ஆசிரியருக்கும், நாற்காலி போட்டு எடுத்துவைத்த ஊழியர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் வாசிப்புத் துணை நடக்க வேண்டுமென்றால் வாரத்தில் ஒரு மாலை தரக்கூடியவர்கள் வேண்டும். வருகைப் பதிவேடு வாசலருகே மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன். செயலாளர் பொறுப்புக்கு இதுவரை யாரும் மனு கொடுக்கவில்லை. எனக்கும் ஓய்வு வேண்டும்தான். ஆனால் பதிவேட்டில் எத்தனை பெயர் சேர்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.