மாடித்தோட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கை: சித்திரை முதல் பங்குனி வரை

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் இங்கே கூடியிருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டம் ஐப்பசி அடைமழையில் ஒருமுறை தவறியது. மற்ற 11 மாதங்களிலும் தடையின்றி நடந்தது. கீரை, கத்தரி, வெண்டை விதைப் பரிமாற்றமும் வழக்கம்போல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எஞ்சிய நேரத்தைக் குடைமிளகாய்க்குத் தர உங்கள் அனுமதி வேண்டும். "கோவை வெயிலுக்கு அது வராது, ஊட்டியில்தான் விளையும்" என்று சென்ற ஆண்டு இதே இடத்தில் முடிவுகட்டிக் கலைந்தோம். அந்த முடிவு தவறு.

சென்ற முறை தை கடைசியில் விதைத்தோம். செடி தளதளவென்று வளர்ந்தது. பங்குனியில் பூத்தது, பூத்ததெல்லாம் காம்போடு உதிர்ந்தது. சத்துக் குறைவு என்று நினைத்து உரத்தின்மேல் உரம் போட்டோம். குறை உரத்தில் இல்லை, மாதத்தில் இருந்தது. குடைமிளகாய் காய்பிடிக்கப் பகலில் 21 முதல் 27 டிகிரி வெப்பம் உகந்தது. 32 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுப் பூ கொட்டும். தளத்துச் சூடும் சேர்ந்த பங்குனி மாடியில் எந்த உரம் அதைத் தடுக்கும்?

எனவே இந்த ஆண்டு ஆவணி பிறந்ததும் நாற்று வளர்க்கும் குழித்தட்டில் விதைத்தோம். பத்து நாளில் முளைத்தது. ஐந்தாறு இலை விட்ட நாற்றுகளைப் புரட்டாசி பிற்பாதியில் பைகளுக்கு மாற்றினோம். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, பைக்கு ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும் சேர்த்தோம். வேர் அழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர்களான சூடோமோனாஸையும் டிரைக்கோடெர்மாவையும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிவந்து மண்ணில் இட்டோம். அப்படியும் ஐப்பசி மழையில் சில வீடுகளில் வேர் அழுகியது. பையைத் தரையோடு வைத்திருந்தவர்களுக்கே இந்த இழப்பு. இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்தவர்களின் செடிகள் தப்பின. வாங்கிய விதையில் இரண்டு பாக்கெட் பெரும்பாலும் முளைக்கவில்லை. அவற்றின் காலாவதி நாள் கடந்திருந்தது. இனி அந்த நாளைப் பார்க்காமல் சங்கம் எந்த விதையும் வாங்காது.

கார்த்திகையில் காய் பிடித்தது. மார்கழியில் பச்சைக் காயைப் பறித்தோம். தை மாதக் கூட்டத்துக்கு மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர் முந்தானையில் பொதிந்து மூன்று சிவப்புக் காய்களைக் கொண்டுவந்தார். மேற்குச் சுவரின் நிழல் பிற்பகலில் விழும் இடத்தில் எட்டுப் பை வைத்திருக்கிறார். நிழல்வலை வாங்க வசதியில்லாத அவருக்கு அந்தச் சுவரே வலையாக இருந்தது. காயை அரிந்து எல்லோருக்கும் கொடுத்தார். அந்த இனிப்பு இன்னும் என் நாவில் இருக்கிறது. சிவப்பு வேறு செடி என்று பலர் எண்ணியிருந்தோம். பச்சைக் காயையே மேலும் மூன்று நான்கு வாரம் செடியில் விட்டால் அந்தந்த ரகத்தின் நிறம் வரும். வைட்டமின் சி-யும் கூடும். தயவுசெய்து செடிக்கு இரண்டு காயையாவது பழுக்க விடுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்த வீடுகளில் காயின் அடிப்பகுதி கறுத்துக் குழிந்தது. நான்கு நாள் காயவிட்டுத் திரும்பி வந்ததும் குடம் குடமாக ஊற்றியதே காரணம். நீர் சீராக ஏறாதபோது சுண்ணாம்புச் சத்தும் காய்க்குப் போய்ச் சேராது. முட்டை ஓட்டுத் தூளைத் தூவி இதை உடனே சரிசெய்ய முடியாது. ஈரம் காயாதபடி மண்ணைச் சருகால் மூடி மூடாக்கு இட்டு, பக்கத்து வீட்டாரிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இலைச் சுருட்டல் பற்றித்தான் அதிகமாகத் தொலைபேசி வந்தது. இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் என்பது பொதுவான அடையாளம். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். நச்சுயிரி (வைரஸ்) தாக்கிக் குட்டையான செடிக்கு மருந்து கிடையாது. மனம் வராவிட்டாலும் பிடுங்கித்தான் ஆக வேண்டும்.

கூட்டந்தோறும் எழும் இரண்டு கேள்விகளுக்கும் பதிலைப் பதிவு செய்கிறேன். அடியில் மூன்று மேடுள்ள காய் ஆண், நான்கு மேடுள்ளது பெண் என்பது உண்மையல்ல. அது ரகத்தையும் வளர்ச்சியையும் பொறுத்தது. அருகில் பச்சை மிளகாய் இருந்தால் குடைமிளகாய் காரமாகும் என்ற அச்சமும் வேண்டாம். இரண்டும் ஒரே இனம் என்பதால் மகரந்தம் கலக்கலாம். ஆனால் அதன் விளைவு இந்தக் காயில் தெரியாது. விதையை எடுத்து விதைத்தால் அடுத்த தலைமுறையில்தான் தெரியும். இரு ரகங்களைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு ரகமானால் கலப்பு நேராவிட்டாலும் அதன் விதை தாயைப்போல் வராது.

வரும் ஆவணிக்கான விதைப்புக்குப் பெயர் தர விரும்புவோர் ஆடிப்பெருக்குக்குள் என்னிடம் சொல்லுங்கள். சங்கத்தின் குழித்தட்டுகளில் நான்கு இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்து தாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்